பதினோராவது கட்டம்

வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டிய படிவத்தில்
பதினோராவது கட்டம் கேட்கிறது:
எந்த உறுப்பு?

அப்படிக் கேட்கவில்லை,
சிறப்புப் பிரிவு என்றுதான் அச்சாகியிருக்கிறது.
உலான்பாத்தரின் இந்தக் குழந்தைகள் மருத்துவமனையில்
மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில்
அதற்கு அதுதான் பொருள்.

கால்த்சோக் இதயத்தை எடுத்துக்கொண்டார்.
காய்ந்த தயிர்க்கட்டி அளவுதான் இருக்கும்,
அதற்குள் ஓட்டை தேடுகிறார்.
உர்ன்சைகானுக்குச் சிறுநீர்ப்பாதை.
"நான் தைத்த பையன்
சுவரைப் பார்த்து நின்று ஒன்றுக்குப் போனால்
அன்றைக்கு எனக்குத் திருவிழா" என்பாள்
சாப்பிட்டுக்கொண்டே.

தீப்புண் பிரிவை யாரும் கேட்டு வாங்குவதில்லை.
குளிர் தொடங்கியதும்
கூடாரத் தரையில் கொதிக்கும் பால்தேநீர்ச் சட்டி,
அதை நோக்கித் தவழ்ந்துவரும் ஒன்பது மாதம்.
பத்சூரி பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறார்.
தேநீர் குடிப்பதை எப்போது விட்டார்
என்று அவருக்கே நினைவில்லை.

நான் எதையும் எடுக்கவில்லை.
ஆறு வருடம் படிப்பு,
இரண்டு வருடம் பெரியவர்களின் வயிறு,
அந்தக் கையை மறக்க இன்னொரு வருடம்.
மூன்று கிலோவுக்குள் ஓடும் ரத்தம்
மொத்தமும் ஒரு கிண்ணம்.
நனைந்த பஞ்சை எல்லாம் எடை போடுகிறோம்,
கடன்காரர்கள் சில்லறை எண்ணுவதைப்போல.

டிராலிபஸ் கைப்பிடியில் நூல் கட்டி
ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பழகினேன்.
நடத்துனர் ஒருநாள் கத்தரிக்கோலோடு வந்தார்.
சந்தையில் வாரம் மூன்று ஆட்டுக் கழுத்து வாங்குவேன்,
உள்ளே குழாய் கிழியாமல் வேண்டும் என்பேன்.
சூப்புப் பைத்தியம் என்று
கறிக்கடைக்காரி எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள்.

மைனஸ் முப்பத்தொன்றில் ஒரு ராத்திரி
சைன்ஷாந்திலிருந்து ஆம்புலன்ஸ்.
பிறந்து இரண்டு நாள்.
கொடுத்த பாலெல்லாம் நுரையாகத் திரும்புகிறது.
உணவுக்குழாயின் மேல்பாதி முட்டுச்சந்து,
கீழ்ப்பாதி வழிதவறி
மூச்சுக்குழாயில் ஒட்டியிருக்கிறது.
பலகையில் பெயர் எழுதினார்கள்: நெர்குய்.
பெயரில்லாதவன் என்று பொருள்.
இதற்குமுன் இரண்டு போய்விட்டன,
இவனை எதுவும் தேடி வரக்கூடாதாம்.

அப்பன் தம்பதர்ஜா, மந்தை மேய்ப்பவன்,
பூட்ஸில் இன்னும் பனி.
"இதைச் செய்திருக்கிறீர்களா?"
தலைமை மருத்துவர் எதிரில் நிற்பார்,
கை என்னுடையது.
பொய் சொல்ல நாக்கு எழவில்லை.
"குழந்தைகளில் மூன்று. ஆடுகளில் நூறுக்குமேல்."
"ஆடுகள் எப்படி இருக்கின்றன?"
"அவை முன்பே செத்தவை."
அவன் என்னை நெடுநேரம் பார்த்தான்.
பிறகு, அந்த நேரத்தில், அந்த இடத்தில்,
சிரித்தான்.
"அப்படியானால் நீங்கள் கொல்லவில்லை"
என்று கையெழுத்துப் போட்டான்.

நான்காம் விலாவுக்கும் ஐந்தாம் விலாவுக்கும் நடுவே
என் சுண்டுவிரலுக்கே இடம் கிடையாது.
தலைமுடி இந்த நூலுக்குக் கயிறு.
எட்டுத் தையல்.
ஆறாவதை அவிழ்த்து மறுபடி போட்டேன்.
அந்தத் துண்டிப்பு இருந்த இடத்தைப் பற்றி
வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை,
ஒரு நகத்தின் அகலம் அது.

ஏழாம் நாள் எக்ஸ்ரே திரையில்
வெள்ளைத் திரவம் கழுத்தில் இறங்கியது,
தையல் அருகே தயங்கியது,
தாண்டியது. எங்கும் கசியவில்லை.
அன்று மாலை தாயின் பால் ஐந்து மில்லி.
விழுங்கும் சத்தம் கேட்க
காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.
பத்சூரியும் வந்து நின்றார்,
தீப்புண் பிரிவுக்கு இங்கே என்ன வேலை
என்று யாரும் கேட்கவில்லை.

படிவம் ஒரு வாரம் தாமதம்.
அலுவலகத்திலிருந்து போன்:
"பதினோராவது காலியாக இருக்கிறது."
"தெரியும்."
"நீங்கள் எழுதவேண்டும் டாக்டர்."
"தொண்டை என்று போடலாமா?"
"அப்படி ஒரு பிரிவு இல்லை."

தம்பதர்ஜா ஊருக்குப் போய்த் திரும்பியபோது
சாக்கில் ஒரு முழு ஆட்டைக் கொண்டுவந்தான்,
கல்லாக உறைந்தது.
விருந்துக்குத் தொடையெல்லாம் அறுத்துத் தந்தவன்
ஒன்றில் மட்டும் கத்தி வைக்கவில்லை.
"கழுத்தை விட்டுவைத்திருக்கிறேன்,
குழாய் கிழியவில்லை.
அடுத்தவனுக்கு ஆகும்."

மேசையில் வேறு இடமில்லை.
படிவத்தின்மேல் வைத்திருக்கிறேன்.
மெல்ல உருகிக்கொண்டிருக்கிறது.